வேதக்கார வீட்டுக்குப் பேய் வராது

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தோட்டத்தில் இருந்த காலத்தில் நான் செய்த ஊழியத்தைப் பற்றி எங்கள் சபையில் இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து மாலைகூடப் போட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம். என் வீட்டுக்காரர் மலாய் நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அங்கிருந்து ஈப்போவுக்கு மாட்டுவண்டியில் இரண்டு மணி நேரம். நாங்கள் இருவருமே திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்தவர்கள். எங்கள் முதல் பிள்ளை ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனது. அந்தத் தொட்டில் கட்டிய உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் கப்பல் ஏறினோம். இங்கே வந்து ஒரு வருஷத்தில் மறுபடி உண்டானேன். இந்தக் கதை தொடங்கும்போது எனக்கு நாலு மாதம்.

பயத்துக்கு இங்கே பஞ்சமில்லை. அட்டைக்குப் பயந்தேன், இடிக்குப் பயந்தேன், புலி இருப்பதாக யாரோ சொன்ன ஒரு புதருக்கு ஆறு மாதம் பயந்தேன். எல்லாவற்றையும்விட ரப்பர் மரங்களுக்குப் பயந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை, வரிசைக்குள் வரிசை. உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டு. காய் முற்றும் மாதங்களில் பட்டென்று வெடிக்கும். கொட்டைகள் எங்கோ சருகில் விழுந்து உருளும். ஒவ்வொரு தடவையும் யாரோ என்மேல் கல்லெறிகிறார்கள் என்றே தோன்றும். பேய் என்று ஒன்று கிடையாது என்று எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்திருந்தார்கள். நானும் நம்பினேன். ஆனால் நம்பிக்கை வேறு, முதுகுத்தண்டு வேறு.

பள்ளிக்கூடம் என்பது அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் எங்களுக்கு இரண்டு அறை. முன்பக்கம் சரிவில் இறங்கினால் வேலையாட்கள் குடியிருக்கும் லயங்கள், பின்பக்கம் மரம். தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் எங்களோடு சேர்த்து மூன்று குடும்பம்தான். மற்றவர்களுக்கு நாங்கள் வேதக்காரர். அதில் கேலியும் இல்லை, மரியாதையும் இல்லை. சாதிப் பெயர் சொல்வதுபோல் சொல்வார்கள்.

ஒரு நாள் பிற்பகல், ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற நேரம். ஒரு பால் வெட்டுக்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் வீட்டுக்காரரைக் கண்டதும் தரையில் விழுந்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, ஒங்க கால்ல வுழுறேன். எம் பொஞ்சாதிக்குப் பேயி புடிச்சிருக்கு. புள்ள பெத்து நாப்பது நாளாவுது, கண்ணு மூடல. பூசாரி சாட்டையால அடிச்சுப் பாத்துட்டாரு, ஒண்ணும் கேக்கல. முந்தாநேத்து புள்ளையத் தூக்கிட்டுப் போயி பால் வாளிக்குள்ள மொகத்த அமுத்தப் பாத்துருச்சு. நா எட்டிப் புடிச்சேன், இல்லாட்டி போயிருக்கும்."

"டிரெசர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். டிரெசர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். எங்களுக்கு அவர்தான் டாக்டர்.

"சொன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதிருவாருங்கய்யா. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நா பாத்ததில்ல. தாயி போயிட்டா புள்ள எப்புடிப் பொழைக்கும்? ஆயா சொல்லுது, வேதக்கார வூட்டுக்குப் பேயி வராதாம். நா பாலெடுத்துட்டு வார வரைக்கும் வாத்தியாரம்மா பாத்துக்கிட்டாப் போதும்."

தஞ்சோங் ரம்புத்தானில் இருந்தது பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அந்தப் பெயரைச் சொல்லித்தான் லயத்தில் பிள்ளைகளை அடக்குவார்கள். ஆயா என்பவள் பிள்ளைக் கொட்டகையைப் பார்ப்பவள். தாய்மார் பால் வெட்டுக்குப் போகிற நேரமெல்லாம் தோட்டத்துக் கைப்பிள்ளைகள் அவள் பொறுப்பு. அவள் சொல்லுக்கு லயத்தில் மறுசொல் கிடையாது.

இப்போது டாக்டர்கள் அந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு வரும், போகும் என்கிறார்கள். அன்று எங்களிடம் இருந்தவை இரண்டே பெயர். லயத்தில் பேய் என்பார்கள், ஆபீசில் மலாய் வார்த்தையில் கீலா என்பார்கள். பேய் என்றால் சாட்டை, கீலா என்றால் தஞ்சோங் ரம்புத்தான்.

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க" என்றார். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆள் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னய ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

"நான் இருக்கிற இருப்புல, ஒரு பைத்தியத்தக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள விட்டுட்டு, நீங்க அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்குடுத்துட்டு இருப்பிய. ஊழியம் ஒங்களுக்கு, சாவு எனக்கா?"

அவர் மேலே விரலைக் காட்டினார். "அவரே நம்ம வாசல்ல வந்து நின்னா மாட்டேம்பியா?"

"அவர் வந்தா அரிவாள்மணைய ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல" என்றேன். சொன்னபடியே அரிவாள்மணையை எடுத்து அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கத்தரிக்கோல், தேங்காய்த் துருவி, அடுப்பு ஊதுகிற குழல் எல்லாவற்றையும் எடுத்துப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டேன். அதற்கப்புறம் மூன்று நாள் எங்கள் வீட்டில் வெறும் பருப்புதான். அவரும் அதையே சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். என் வயதுதான் இருப்பாள். தலைமுடியெல்லாம் சாம்பலும் வேப்பிலையுமாய்ச் சிக்குப் பிடித்துக் கிடந்தது. கைகளில் சாட்டைத் தழும்பு, சில இடத்தில் இன்னும் ஆறவில்லை. சுவரோரம் உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்தாள். கண் இமைக்காமல் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் அந்தப் பார்வைக்கு நான் பட்ட பாடு! கதவை அகலத் திறந்து வைத்து, மடியில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே ஒரு கால் படிக்கு வெளியே என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை. அவள் எழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு ஆயா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெண் பிள்ளை. பசியில் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தது. தாய் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாய்ச் சொன்னாள்: "இது எம் புள்ள இல்ல. மாத்திப்புட்டாங்க."

ஆயா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். வேறு வழியில்லாமல் தாயின் முன்னால் முட்டி போட்டேன். ஒரு கையால் பிள்ளையை அவள் மார்பில் பிடித்தேன். இன்னொரு கையால் அவளுடைய வலது மணிக்கட்டை, என் நகம் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை எழுந்தால் பிள்ளையின் கழுத்துக்குப் போகும், அல்லது என் வயிற்றுக்கு வரும் என்பதுதான் என் எண்ணம். பிள்ளை குடித்து முடிக்கும்வரை விடவில்லை. மத்தியானம் மறுபடியும் அப்படியே. என் வீட்டுக்காரர் மணி அடித்துப் பள்ளியை விட்டபோது எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

இப்படியே ஒவ்வொரு நாளும். காலையில் கண் விழிக்கும்போதே, இன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்து வராமல் இருக்கக் கூடாதா என்று நினைப்பேன். ஜெபத்தில் அவளுக்குச் சுகம் கேட்டதைவிட எனக்கு விடுதலை கேட்டதுதான் அதிகம்.

ஐந்தாம் நாள் அவள் தலையைச் சுத்தம் செய்தேன். அன்பினால் என்று சொன்னால் பொய். நாற்றம் தாங்கவில்லை, மசக்கையில் எனக்கு ஓங்கரித்துக்கொண்டே இருந்தது. வெந்நீர் வைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இன்னொரு காரணமும் உண்டு. பின்னால் உட்கார்ந்தால் அவள் கண் என்மேல் படாது. கை வேலையாக இருந்தால் பயம் கொஞ்சம் மட்டுப்படும் என்பதையும் அன்றுதான் கண்டுகொண்டேன். பிடரியில் ஒரு தழும்பில் சீப்பு பட்டபோது அவள் உடம்பு வெட்டி இழுத்தது. இவளுக்கு வலிக்கும் என்ற நினைப்பே அதுவரை எனக்கு வரவில்லை. அதற்காக அன்றைக்கு வெட்கப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் முழங்காலில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள். நாற்பத்தைந்து நாளில் அதுதான் முதல் தூக்கமாக இருக்கும். எழுப்பினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் நான் அசையவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது என் கால் மரத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் அதிகம் தூங்கினாள். சுவரோடு பேசுவது நின்றது. பிள்ளையைப் பார்த்து "மாத்திப்புட்டாங்க" என்பதும் குறைந்தது. பால் கொடுக்கும்போது மட்டும் நான் மணிக்கட்டை விடவில்லை.

லயத்தில் பேச்சுக் கிளம்பியது. வாத்தியாரம்மா பேயை அடக்கிவிட்டாள். ஒருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையில் கை வை என்றாள். இன்னொருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம், "பேயும் இல்ல, அடக்குறதும் இல்ல, அந்தப் பொண்ணுக்கு ஓய்வு வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. சொன்னால் பூசாரியின் சாட்டை மறுபடி வந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு அது பிடித்திருந்தது. அட்டையைக் கண்டால் அலறுகிறவளை எண்பது குடும்பம் வழிவிட்டுப் பார்த்தது. கங்காணி பெண்சாதிகூட எனக்கு எழுந்து நின்றாள்.

ஒரு நாள் ஆயா நேராகவே கேட்டாள். "வாத்தியாரம்மா, பேயி ஒங்க வூட்டுக்குள்ள வரவே வராது, இல்ல?"

"வராது ஆயா" என்றேன்.

மூன்றாவது வாரம். அன்று பள்ளிக்கூடம் இல்லை. என் வீட்டுக்காரர் புத்தகம் வாங்க விடிந்ததுமே ஈப்போவுக்குப் போய்விட்டார். காலையில் அவளைக் குளிக்க வைத்ததில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மத்தியானச் சோற்றுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கிணறு சரிவுக்குக் கீழே. அவளை ஒருநாளும் உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது, மாட்டைக் கட்டிப்போடுவதுபோல் ஆகிவிடும் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே நாதாங்கியை மாட்டினேன். போய்விட்டு வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

கிணற்றடியில் கூட்டமில்லை, ஆனால் வாளிக் கயிறு அறுந்து கிடந்தது. அதை முடிச்சுப் போட்டு இறைப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வரும்போது ஆயா எதிரே வந்தாள். வெறுங்கையோடு வந்தாள்.

"புள்ளைக்கு நேரமாச்சுன்னு கொண்டாந்தேன். நீங்க இல்ல. தாயிகிட்ட வுட்டுட்டு வாரேன்."

"தாய்கிட்டயா? தனியாவா?"

"ஒங்க வூடுதானே லா! அங்க என்னா வரப்போவுது? கொட்டாயில அம்புட்டுப் புள்ளைங்களும் கத்துதுங்க, நா ஒருத்தி என்னா செய்ய? நாதாங்கியத் திரும்ப மாட்டிட்டுத்தான் வந்தேன்."

குடம் எப்போது விழுந்தது என்று தெரியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். இரண்டு இடத்தில் வழுக்கியது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மண்ணைப் பற்றி ஏறினேன். வாசலுக்கு வந்துவிட்டேன். நாதாங்கி மாட்டியபடியே இருந்தது. உள்ளே சத்தமில்லை.

அந்தப் பிள்ளை பசித்தாலும் கத்தும், பசியாறினாலும் கத்தும். அதன் குரல் கேட்காமல் இருந்தது இல்லை. இப்போது ஒரு முனகல்கூட இல்லை.

நான் கதவைத் திறக்கவில்லை.

கையைத் தூக்கினேன்; அது நாதாங்கிவரை போகவில்லை. பால் வாளிதான் கண்முன்னால் நின்றது. திறந்தால் அதை முதலில் பார்ப்பது நானாக இருப்பேன். திறக்காமல் நின்றால் வேறு யாராவது வந்து பார்ப்பார்கள். இந்த நினைப்பை நினைத்தது நான்தான். என் பின்னால் காய்கள் பட் பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தன. ஜெபம் செய்தீர்களா என்று சபையில் கேட்பார்கள். செய்யவில்லை. என் வீட்டுக்காரர் வந்துவிட மாட்டாரா என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சாயங்காலம்தான் வருவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. ஒரு அட்டை என் கணுக்காலில் ஏறி, குடித்து, உப்பித் தானாக விழுகிற வரைக்கும் நின்றிருக்கிறேன். ரத்தம் வழிந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு? யாரு நிக்கிறது? கதவத் தொறங்க. சீக்கிரம் தொறங்களேன்."

அது பேய்க் குரல் இல்லை, பைத்தியத்தின் குரலும் இல்லை. நடுங்குகிற குரல். அந்த நடுக்கம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. திறந்தேன்.

பிள்ளை வாசல் பக்கத்து மூலையில் பாயில் கிடந்தது. அதைச் சுற்றிலும் எங்கள் தலையணை, மடித்த போர்வை, என் துணி மூட்டை என்று அணை கட்டியிருந்தது. அவள் எதிர் மூலையில், ஜன்னலுக்குக் கீழே இருந்தாள். தன் முந்தானையைக் கயிறுபோல் முறுக்கி, வலது கையை ஜன்னல் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். முடிச்சுக்கு மேல் முடிச்சு. பல்லால் கடித்து இறுக்கியிருக்க வேண்டும், உதட்டோரம் ரத்தம். விரல்கள் நீலம் பாரித்துப்போயிருந்தன. பால் கட்டி, மார்புத் துணி நனைந்து வழிந்துகொண்டிருந்தது.

"புள்ள மூச்சு வுடுதா பாருங்க. கத்திக் கத்தித் திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. நா கிட்டப் போவல. சத்தியமா நா தொடல."

குனிந்து மூக்கருகே விரலை வைத்தேன். சூடாக இருந்தது. அழுது களைத்துத் தூங்கியிருந்தது. "விடுது, விடுது" என்றேன். அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அவள் அழவில்லை. "அக்கா" என்றாள். அதுவரை என்னை அவள் எதுவும் கூப்பிட்டதில்லை. "நா ஏதாச்சும் பண்ணிப்புடுவேன்னு பயமா இருக்குக்கா. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் பயமா இருக்கு. நீங்க கையப் புடிச்சுக்கிட்டாத்தான் கொஞ்சம் கொறையுது."

ஊர்ந்து போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. அரிசி மூட்டையைப் புரட்டி அரிவாள்மணையை எடுத்து, அவள் கண்ணெதிரே துணியை அறுத்தேன். அறுத்துக்கொண்டே சொன்னேன்: "நான் ஒனக்காகப் புடிக்கல. ஒன்னயப் பாத்துப் பயந்துல்லா புடிச்சேன்."

"தெரியும்க்கா. அதனாலதான் நல்லா இறுக்கிப் புடிச்சீங்க."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டேன். மூன்று வாரமாய் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைவிடப் பயந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பயந்தால் போதும், அவள் வந்தால் ஓடலாம். தனக்குத்தானே பயப்படுகிறவள் எங்கே ஓடுவாள்?

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "என்னய அந்த ஆசுபத்திரிக்கு அனுப்பிருங்கக்கா. புள்ள பொழச்சுக் கெடக்கட்டும்."

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நாதாங்கியைச் சொன்னேன், ஆயாவிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன், வாசலில் நின்றதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ஒன்னயக் கேக்காமத் தூக்கி வச்சேனே, அது என் தப்பு" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் முதல் வேலையாய்ப் பிள்ளைக் கொட்டகைக்குப் போனேன். "ஆயா, எங்க வீட்டுக்குன்னு தனியாக் காவல் ஒண்ணும் கெடையாது. ஒங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். அதனாலதான் பிள்ளையத் தனியா விட்டீங்க. அது சாகப் பாத்துது" என்றேன். ஆயா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. லயத்தில் எழுந்து நின்றவர்களும் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களை நிற்கவைத்துக் கேட்டார். "மூண்டு கிழமையா ஒளிச்சு வைச்சிருந்தனீங்களோ? முதல் நாளே என்னட்டச் சொல்லியிருந்தா நான் அவளைத் தின்றுபோடுவனோ?" பிறகு எழுத வேண்டியதை எழுதினார். பிள்ளைக்கு டின் பால் எப்படிக் கலக்குவது, போத்தலை எப்படிக் கொதிக்க வைப்பது என்று எனக்கு இரண்டு தடவை செய்து காட்டினார்.

ஈப்போவரை வண்டி, அங்கிருந்து ரயில். அவள் புருஷனோடு நானும் போனேன். அவள் என் கையைக் கேட்டாள், அதனால் போனேன். தஞ்சோங் ரம்புத்தான் வரும்வரை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம் போகவில்லை. ரயில் பெட்டியில் அவள் ஒரு தடவை சட்டென்று எழுந்தபோது உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வாசலில் ஒரு நர்ஸம்மா வந்து மெதுவாக என் விரல்களைப் பிரித்து, அந்தக் கையை வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை எங்கள் வீட்டில் வளர்ந்தது. ஒவ்வொரு போத்தல் பாலுக்கும் பயந்தேன்; ஒருநாள் வயிற்றுப்போக்கு வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிழைத்துக்கொண்டது. குப்புற விழுந்தது, தவழ்ந்தது. நடுவில் எனக்கு மகன் பிறந்தான். பத்தாவது நாள் விடிந்தபோது அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்.

மகனுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தபோது அவள் திரும்பி வந்தாள். போனவர்கள் திரும்பி வந்து பார்த்ததில்லை என்று சொன்ன அந்தப் புருஷனே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடம்பு பூசியிருந்தது. ஒட்ட வெட்டிய முடி வளர்ந்து காதுவரை வந்திருந்தது. கண் இமைத்தது. அவளுடைய மகள் அவளைப் பார்த்ததும் அழுதுகொண்டு என் புடவையைப் பிடித்தது. அவள் பதறவில்லை. படியில் உட்கார்ந்து, ரப்பர் கொட்டை இரண்டை எடுத்துத் தரையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளை தவழ்ந்து போய் ஒரு கொட்டையை எடுத்தது. பிறகு அவள் மடியில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்தாள். என் மடியில் மகன் இருந்தான்.

"ஒங்க புள்ளையக் கொஞ்சம் கொடுங்கக்கா. ஒரு தடவ தூக்கிப் பாக்குறேன்."

என் இரண்டு கையும் தாமாகவே அவனை நெஞ்சோடு இழுத்துக்கொண்டன.

"தூங்குதான்" என்றேன்.

அவன் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, தூங்கட்டும்" என்றாள். அவன் காலில் விலகிக் கிடந்த துணியை, விரல் அவன்மேல் படாமல், இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

அந்தத் தோட்டத்தில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தோம். எனக்கு மேலும் நாலு பிள்ளைகள் பிறந்தன. ஒவ்வொன்றையும் தீட்டுக்கூடக் கழியாமல் அவளிடம் நீட்டியிருக்கிறேன். "கையெல்லாம் பால் கறைக்கா" என்பாள். "அடுப்புல ஒலை வச்சிருக்கேன்க்கா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கோபத்தை ஒருநாளும் காட்டியதில்லை. ஒரு வருஷம் எனக்கு மலேரியா வந்து பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தபோது, அவள்தான் வெட்டு முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள், என் துணியை அலசினாள், எனக்குக் கஞ்சி ஊட்டினாள், குளிரில் நான் நடுங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தொட்டிலில் பிள்ளை அழுதால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய், அதைத் தூக்க ஆயாவைக் கூப்பிடுவாளாம்.